மணி பிளான்ட்டுக்கு இளையராஜா கேட்குமா?

கேள்வி நீளமாக இருந்தது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஜன்னலோரம் மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், இன்னும் சில தொட்டிகள். காலையில் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு ஓடவிட்டு, செடிகளோடு நாலு வார்த்தை பேசுவது வழக்கம். பாட்டு போட ஆரம்பித்த பிறகு மணி பிளான்ட் நன்றாகத் தழைத்திருக்கிறதாம். இப்போது, இலையில் இரண்டு ஒயர் ஒட்டினால் செடியே இசை தரும் என்று விற்கப்படும் கருவியை வாங்கலாமா என்று யோசிக்கிறார். வீட்டில் கேலி செய்கிறார்கள். “செடிக்கு உண்மையிலேயே கேட்கிறதா, இல்லை எனக்குத்தான் பிரமையா?” என்று முடித்திருக்கிறார்.

கேட்டிருப்பது செடியின் காதைப் பற்றி. ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, தனக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுவதற்கு அடிப்படை உண்டா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. முதலாவதைப் பற்றி என்னால் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். கல்லூரியில் தாவர உடலியங்கியல் நடத்தியவன். இரண்டாவது மனித மனம் சம்பந்தப்பட்டது. அது என் துறை இல்லை, அதனால் அங்கே கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

செடிக்குக் காது இல்லை, நரம்பு இல்லை, மூளை இல்லை. ஆனால் ஒலி என்பது அதிர்வு, அதிர்வை உணரக் காதுதான் வேண்டும் என்பதில்லை. தாவர செல்லின் சவ்வு இழுபட்டாலோ நசுங்கினாலோ அதில் உள்ள சில வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். அதிலிருந்து அடுத்தடுத்த வேலைகள் தொடங்கும். காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் வளரும் செடி குட்டையாக, தண்டு தடித்து வளர்வது இப்படித்தான். தொட்டாற்சிணுங்கியை வைத்துக்கொண்டு மாணவர்கள் கைதட்டுவார்கள், கத்துவார்கள், ஒருவன் விசிலும் அடிப்பான். அது இலையை விரித்தபடியே இருக்கும். மேசையை ஒரு தட்டு தட்டினால் போதும், வரிசையாக மடங்கும். காற்று வழியாக வரும் சத்தம் இலையை அசைக்கும் அளவு மிகச் சிறியது என்பதுதான் விஷயம்.

சார்லஸ் டார்வின்கூட இதைச் சோதித்திருக்கிறார். தன் மகன் பிரான்சிஸை ஒரு செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாஸூன் என்ற ஊதுகருவியை வாசிக்கச் சொன்னார். இந்த மாதிரி முயற்சிகளுக்கு அவரே வைத்திருந்த பெயர் ‘முட்டாள் சோதனைகள்’. அவற்றைச் செய்து பார்ப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். உங்கள் வீட்டில் சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

அப்படியானால் ஒலிக்கும் செடிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பக்கம் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. 2014இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஹெய்டி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இலையைப் புழு கடித்துத் தின்னும்போது இலையில் எழும் அதிர்வை லேசர் கருவியால் பதிவு செய்தார்கள். பிறகு புழுவே இல்லாமல், அந்த அதிர்வை மட்டும் வேறு செடிகளின் இலைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் நிஜப் புழுவை விட்டபோது, அதிர்வை ஏற்கெனவே வாங்கியிருந்த செடிகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தற்காப்புச் சேர்மங்களைத் தயாரித்தன. கடுகுக்குக் காரம் கொடுக்கும் அதே வகைச் சேர்மங்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த தகவல்: காற்று அசைப்பது போன்ற அதிர்வையும், இலையைத் தின்னாத ஒரு பூச்சியின் பாட்டு அதிர்வையும் கொடுத்துப் பார்த்தபோது செடி அசட்டையாக இருந்துவிட்டது.

2019இல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹதானியின் குழு கடற்கரையோரம் வளரும் ஒரு வகை அந்திப்பூச் செடியை எடுத்துக்கொண்டது. தேனீ பறக்கும் ஒலியை அதற்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்று நிமிடத்துக்குள் பூவின் தேனில் சர்க்கரையின் அளவு ஏறியது; சுமார் 12 முதல் 17 சதவீதம் இருந்தது 20 சதவீதமானது. பூவிதழ்கள் கிண்ணம் போல அந்த அதிர்வை வாங்குகின்றன என்பது அவர்கள் விளக்கம். அதிக அதிர்வெண் ஒலிகளுக்கு இந்த மாற்றம் வரவில்லை. சோதனை அழகானதுதான். ஆனால் ஒரே செடி இனம், ஒரே குழு. எல்லாப் பூக்களுக்கும் இது பொருந்தும் என்று இப்போதே சொல்வது அவசரம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: தன் பிழைப்போடு சம்பந்தப்பட்ட அதிர்வைச் செடி வாங்கிக்கொள்கிறது. தின்ன வரும் வாய், மகரந்தம் சுமக்க வரும் இறக்கை, இவற்றுக்கெல்லாம் அதன் வாழ்வில் இடம் உண்டு. கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் மகரந்தத்தை நுனித் துளை உள்ள பைக்குள் பூட்டி வைத்திருப்பதைப் பாருங்கள். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு ‘உர்ர்ர்’ என்று உடலை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். இளையராஜாவின் வயலின்களுக்குச் செடியின் பிழைப்பில் அப்படி ஓர் இடம் இல்லை. ராஜா ரசிகனாகச் சொல்கிறேன், அது அவர் குற்றமில்லை.

இசை கேட்டால் செடி வளரும் என்ற பேச்சுக்கு நம் ஊரிலேயே ஒரு தாய்வீடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி. சி. சிங், 1950களில் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி ஞாபகம் இருக்கும், ஒளிச்சேர்க்கைக்குக் குமிழி எண்ணுவோமே, அதேதான். அதன் இலைச் செல்லுக்குள் உயிர்ப்பொருள் வட்டமாக ஓடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். விடியற்காலையில் கொஞ்ச தூரத்தில் மின்சார இசைக்கவையை அதிரவிட்டு, அந்த ஓட்டம் வேகமெடுப்பதைக் கண்டதாக அவர் சொன்னார். பிறகு வயலின், காசித்தும்பைச் செடிகள், மாயாமாளவகௌளை ராகம் என்று சோதனைகள் தொடர்ந்தன. சலங்கை கட்டாமல் ஆடிய பரதநாட்டியத்தின் காலடி அதிர்வில் சில பூச்செடிகள் முன்னதாகவே பூத்தன என்றும் எழுதினார். 1960 முதல் 1963 வரை தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக ஏழு கிராமங்களில் நெல் வயலுக்கு ஒலிபெருக்கி வைத்துச் சாருகேசி ராகம் போட்டதாகவும், விளைச்சல் வட்டாரச் சராசரியைவிட 25 முதல் 60 சதவீதம் கூடியதாகவும் கணக்கு.

அவர் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள்: ஒப்பீடு வட்டாரச் சராசரியோடு. ஒலிபெருக்கி கட்டி, பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து போகிற வயலுக்கு விவசாயி கூடுதலாக ஒரு களை எடுத்திருக்க மாட்டாரா? ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே விதை, ஒன்றுக்குப் பாட்டு, பக்கத்தில் ஒன்றுக்கு மௌனம் என்று வைத்தால்தான் சாருகேசிக்கு மதிப்பெண் போட முடியும். ஹைட்ரில்லா விஷயத்திலும் சிக்கல் உண்டு. நுண்ணோக்கியின் விளக்கு வெளிச்சமும் சூடுமே அந்த ஓட்டத்தை விரைவாக்கும். ராகங்களின் பலன் பற்றி இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்கள் பலவும் இந்த வேர்களிலிருந்துதான் கிளைத்தவை.

அதே காலகட்டத்து அமெரிக்கக் கதைகள் இரண்டு அடிக்கடி மேற்கோளாக வரும். டொரோதி ரெட்டலாக் என்பவர் 1970 வாக்கில் டென்வரில் செய்த சோதனையில், ராக் இசைக்குச் செடிகள் விலகிச் சாய்ந்தன, ரவிசங்கரின் சிதாருக்கு ஸ்பீக்கரை நோக்கிச் சாய்ந்தன என்றார். படித்தவுடன் நமக்கு ஒரு பெருமிதம் வரும், அதனாலேயே எச்சரிக்கையாக இருங்கள். செடிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. சோதனைப் பெட்டிகளின் ஒளி, ஈரம் எல்லாம் சமமாக இருந்தனவா என்ற கேள்விக்கும் பதில் இல்லை. இன்னொருவர் கிளீவ் பேக்ஸ்டர். பொய் கண்டறியும் கருவியை 1966இல் டிரசீனா என்ற அழகுச் செடியின் இலையில் மாட்டி, செடி தன் எண்ணத்தையே படிப்பதாக அறிவித்தார். 1975இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. இதை நான் சந்தேகத்துக்குரியது என்றுகூடச் சொல்ல மாட்டேன், தவறு என்றே சொல்வேன்.

சரி, செடி சத்தம் போடுமா? இதற்குப் பதில் ‘போடும்’. 2023இல் அதே டெல் அவிவ் குழு தக்காளி, புகையிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் மீயொலி மைக்குகளை வைத்துப் பதிவு செய்தது. தண்ணீர் இல்லாமல் காயும் செடியும், தண்டு வெட்டப்பட்ட செடியும் மணிக்கு சுமார் 30 முதல் 50 ‘க்ளிக்’ ஒலிகளை வெளியிட்டன. நன்றாகத் தண்ணீர் ஊற்றிய செடியில் மணிக்கு ஒன்றுகூட இல்லை. வாட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே க்ளிக்குகள் கூடின. 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி இது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. ‘செடிகள் அலறுகின்றன’ என்று செய்திகள் வந்தது இதை வைத்துத்தான். அலறலெல்லாம் இல்லை. வேரிலிருந்து இலைவரை தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் நீர் குறைந்து இழுவிசை கூடும்போது காற்றுக்குமிழி உருவாகி வெடிப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். விரலை நெட்டி முறிக்கும்போது மூட்டுக்குள் நடப்பதைப் போன்ற சமாச்சாரம். ஆனால் தகவல் தகவல்தான். உங்கள் செடி தாகத்தில் இருப்பதற்கு ஓர் ஒலி அடையாளம் இருக்கிறது, நமக்குத்தான் அது எட்டாது. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு: காலையில் மணி பிளான்ட் இலை நுனியில் சொட்டு நீர் நிற்பதைப் பார்த்து ‘அழுகிறது’ என்பார்கள். முந்தைய நாள் தண்ணீர் தாராளமாக ஊற்றியிருப்பீர்கள். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உந்தித் தள்ளிய நீர் நுனி வழியாகக் கசிகிறது, அவ்வளவே.

இனி அந்த ஒயர் கருவி. இத்தாலியில் டமன்ஹூர் என்ற சமூகத்தினர் 1970களிலிருந்தே இதைச் செய்துவருகிறார்கள். இப்போது பிளான்ட்வேவ் மாதிரி, செல்போனோடு இணையும் வடிவங்கள் வந்துவிட்டன. இலையில் பசையுள்ள இரண்டு ஒட்டுகள். அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டம் விட்டு, மின்கடத்தும் திறன் கணத்துக்குக் கணம் எப்படி மாறுகிறது என்று கருவி அளக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் சுரங்களாக மாற்றப்படுகிறது. எந்த ஸ்கேல், புல்லாங்குழலா வீணையா, எவ்வளவு எதிரொலி என்பதையெல்லாம் முடிவு செய்வது செயலியை எழுதியவர். அபஸ்வரமே வராதபடி அவர் வடிகட்டி வைத்திருப்பதால்தான் கேட்க இதமாக இருக்கிறது. இலைக்குப் பதில் ஈரத் துணியில் ஒட்டினாலும் கருவி ஏதோ வாசிக்கும், முயன்று பாருங்கள். நீங்கள் கையைக் கிட்டே கொண்டுபோகும்போது இசை மாறுவதைக் காட்டி ‘செடி உங்களை அடையாளம் கண்டது’ என்று விளம்பரம் வரும். அங்கே மாறுவது பெரும்பாலும் மின்புலம், ஒட்டின் பிடி, இலையின் அசைவு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அநியாயம். செடிக்குள் மின்சைகைகள் உண்மையிலேயே ஓடுகின்றன. ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் லண்டன் மேடையில் அதைத்தான் காட்டினார், அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தொட்டாற்சிணுங்கியின் இலை வரிசையாக மடங்குவது அந்தச் சைகை தண்டு வழியே ஓடுவதால்தான். போஸ் ஆராய்ந்த இன்னொரு செடி தொழுகண்ணி. அதன் பக்கச் சிற்றிலைகள், வெயில் சூடு இருந்தால், சில நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்று தாமாகவே ஏறி இறங்கும். பின்னணியில் பாட்டைப் போட்டு, வேகத்தைக் கூட்டி, ‘நடனமாடும் செடி’ என்று வீடியோ போடுகிறார்கள். பாட்டை நிறுத்திப் பாருங்கள், அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்போ உங்கள் மணி பிளான்ட் ஏன் தழைத்தது? பாட்டு போட நீங்கள் தினமும் அதன் பக்கத்தில் போகிறீர்கள். ஜன்னல் திரையை விலக்கியிருப்பீர்கள். பழுத்த இலையைக் கிள்ளியிருப்பீர்கள், மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்திருப்பீர்கள். பேசும்போது விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவால் வளர்கிறது என்று ஒரு விளக்கமும் உலவுகிறது. நாலு வார்த்தை பேசுவதால் அறையின் காற்றில் ஏற்படும் மாற்றம் சொற்பம், உடனே கலைந்தும் போகும். என் பந்தயம் உங்கள் கவனத்தின் மேல்தான். நம்பாவிட்டால் சோதிக்கலாம். ஒரே தாய்க்கொடியிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கணுவும் ஓர் இலையும் இருக்குமாறு எட்டோ பத்தோ துண்டு வெட்டுங்கள். ஒரே அளவு பாட்டிலில் தண்ணீரில் வையுங்கள். பாதியை ஓர் அறையிலும் மீதியை அதே வெளிச்சம் வரும் இன்னோர் அறையிலும் வைத்து, ஒன்றில் மட்டும் பாட்டு. வாரம் ஒருமுறை இரண்டு கூட்டத்தையும் அறை மாற்றுங்கள், ஸ்பீக்கரும் கூடவே போகட்டும். தண்ணீர் மாற்றுவதும் வேர் நீளம் அளப்பதும் எது பாட்டுக் கேட்ட பாட்டில் என்று தெரியாத ஒருவர் கையில் இருக்க வேண்டும். கேலி செய்பவரையே உட்கார வையுங்கள், பொருத்தமான ஆள்.

இப்போது பிரமை பற்றி. செடி உங்களைப் புரிந்துகொள்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் உங்களுக்கு அதன்மேல் வந்திருக்கும் பாசம் நிஜமானதுதான். அதற்குச் செடியின் ஒப்புதல் தேவையும் இல்லை. விளையாட்டாகப் புதைத்த விதை முளைத்தபோது நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த புன்னையை ‘உன் சகோதரி’ என்று தாய் சொல்லிவைக்க, அதன் நிழலில் காதலனோடு பேசவே கூசிய பெண்ணைச் சங்கக் கவிஞர் ஒருவர் பாடியிருக்கிறார். புன்னைக்குக் காது உண்டா என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. வளர்த்த உறவு, அவ்வளவுதான். 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரம், பார்சிலோனாவின் லிசேயு இசையரங்கில் 2,292 இருக்கைகளிலும் தொட்டிச் செடிகளை வைத்து ஒரு நால்வர் குழு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் இசையை வாசித்தது. பிறகு அந்தச் செடிகளை மருத்துவப் பணியாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கச்சேரியில் கேட்டவர்கள் இணையம் வழியாகப் பார்த்த மனிதர்கள்தான். ஏற்பாடு செய்த கலைஞருக்கும் அது தெரிந்திருக்கும்.

செடி வளர்ப்பது மனதுக்கு நல்லது என்பதற்கு ஆதாரமாக 1976இல் அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். ஆளுக்கொரு செடியைத் தாமே பராமரிக்கும் பொறுப்பும், சிறு சிறு முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமையும் பெற்ற முதியவர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் இறந்தவர்கள் 15 சதவீதம், மற்றவர்களில் 30 சதவீதம். ஆனால் கூட்டம் சிறியது. மரண விகிதக் கணக்கில் இருந்த பிழையை ஆய்வாளர்களே பின்னர் திருத்தி வெளியிட்டார்கள். திருத்திய பிறகு வித்தியாசம் அவ்வளவு அழுத்தமானதாக இல்லை. பலன் செடியாலா, உரிமையாலா என்று பிரிக்கவும் வழியில்லை. உங்கள் விஷயத்தில் தனியாக வேலை செய்யும் நாளுக்கு அந்தக் காலைப் பாட்டு ஒரு தொடக்கம் கொடுக்கிறது என்றால், அதை நிறுத்த ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மனம் மிகவும் சோர்ந்து போகிற நாட்கள் தொடர்ந்தால் மட்டும் செடியோடு நிறுத்திக்கொள்ளாமல் மனிதர்களிடமும் பேசுங்கள்.

கருவி வாங்கலாமா என்றால், இசைக்கருவியாக வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். செடியின் உடல்நிலையைச் சொல்லும் மானியாக நினைத்து வாங்காதீர்கள். ஒட்டுகளை ஒரே இலையில் நாள்கணக்கில் விடாமல் கழற்றிவிடுங்கள், பசை இலைத்துளைகளை அடைக்கும். மணி பிளான்ட்டின் அகன்ற இலை இதற்கு வசதி. துளசி மாதிரி மெல்லிய, ரோமம் உள்ள இலையில் ஒட்டு நிற்காது. ஸ்பீக்கரைத் தொட்டி வைத்திருக்கும் பலகையிலேயே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. அதிர்வால் செடி கெட்டுவிடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும்போது ஸ்பீக்கர் நனைந்துவிடும்.